பிலிப் நீம்: ஒரு தீக்குச்சியும் ஒரு விக்டோரியா கிராஸும்

விக்டோரியா கிராஸ் என்பது பிரிட்டிஷ் ராணுவத்தில் வீரத்துக்காகத் தரப்படும் மிக உயர்ந்த பதக்கம். 1856-ல் விக்டோரியா மகாராணி காலத்தில் ஆரம்பித்தது. ஒலிம்பிக் தங்கம் என்றால் என்ன என்று யாருக்கும் விளக்கத் தேவையில்லை. இந்த இரண்டையும் வாங்கியவர் இதுவரை உலகத்தில் ஒரே ஒருவர்தான். அவர் பெயர் பிலிப் நீம்.

க்விஸ் போட்டிக்கு நல்ல கேள்வி! அவரைப் பற்றி யார் எழுதினாலும் இந்தத் துணுக்கில் ஆரம்பித்து, பெரும்பாலும் இந்தத் துணுக்கிலேயே முடித்துவிடுகிறார்கள். அவர் ஒரு இன்ஜினியர் என்பது மட்டும் எப்போதும் ஓரமாகப் போய்விடுகிறது. உண்மையில் அந்தப் பதக்கக் கதையின் மையமே அதுதான்.

நீம் 1888-ல் இங்கிலாந்தின் கென்ட் மாவட்டத்தில் பிறந்தவர். ராயல் இன்ஜினியர்ஸ் என்ற ராணுவப் பொறியாளர் படையில் அதிகாரியாகச் சேர்ந்தார். இந்தப் படையினருக்கு 'சாப்பர்' என்றும் ஒரு பெயர் உண்டு. பாலம் கட்டுவது, சாலை போடுவது, பதுங்குகுழி தோண்டுவது, வெடி வைப்பது, எதிரி வைத்த வெடியை எடுப்பது எல்லாம் இவர்கள் வேலை. படத்தில் ஹீரோ ஓடிப்போய்ச் சுடுவார். அவர் ஓடுவதற்குப் பாதை போட்டவனை யாரும் காட்ட மாட்டார்கள். அந்தப் பாதை போட்ட ஆள்தான் சாப்பர்.

1914 டிசம்பர் 19. முதல் உலகப்போர் ஆரம்பித்து ஐந்து மாதம்கூட ஆகவில்லை. பிரான்சில் நவ் ஷபேல் என்ற கிராமத்தின் அருகே ஜெர்மானியர்களின் பதுங்குகுழி ஒன்றின் ஒரு பகுதியை பிரிட்டிஷ் காலாட்படை பிடித்திருந்தது. அதைப் பலப்படுத்திக் கொடுப்பதற்காக லெப்டினன்ட் நீம் அனுப்பப்பட்டார். வயது 26. மண் மூட்டை அடுக்குவது போன்ற வேலைக்காகத்தான் போனார், சண்டை போட அல்ல. போய்ப் பார்த்தால் அங்கே நிலைமை தலைகீழ். ஜெர்மானியர்கள் கையெறி குண்டுகளை வீசிக்கொண்டே குழியைத் திரும்பப் பிடிக்க வந்துகொண்டிருந்தார்கள். பிரிட்டிஷ் பக்கம் குண்டு வீசத் தெரிந்தவர்கள் அநேகமாக எல்லோரும் செத்தோ காயப்பட்டோ விழுந்துவிட்டார்கள்.

குண்டுகள் இருந்தன, ஆனால் வெடிக்கவில்லை. காரணம் இதுதான். அந்தச் சமயத்தில் பிரிட்டிஷ் ராணுவத்திடம் தொழிற்சாலையில் செய்த கையெறி குண்டுகள் மிகக் குறைவு. நாம் படங்களில் பார்க்கும் அன்னாசிப்பழ வடிவக் குண்டு, அதாவது மில்ஸ் குண்டு, 1915-ல்தான் வந்தது. அதுவரை காலி ஜாம் டின்னில் வெடிமருந்தையும் இரும்புத் துண்டுகளையும் அடைத்து, ஒரு திரியைச் செருகி, சாப்பர்களே குண்டு தயாரித்தார்கள். திரியைப் பற்றவைத்துவிட்டு வீச வேண்டும். திரி பற்றவைக்கவென்று காற்றுக்கு அணையாத தனித் தீக்குச்சிகள் உண்டு. அவை தீர்ந்துவிட்டன. சாதாரணத் தீக்குச்சியின் சுடருக்குத் திரி பிடிக்கவில்லை. மழையில் நமுத்துப்போன பட்டாசுத் திரியோடு போராடியவர்களுக்கு இந்த எரிச்சல் புரியும். இங்கே எரிச்சலோடு முடியாது, உயிர் போகும்.

நீமுக்கு ஒரு வழி தெரிந்திருந்தது. தீக்குச்சியை முதலில் கொளுத்தி அப்புறம் திரியிடம் கொண்டுபோகக் கூடாது. கொளுத்தாத குச்சியின் மருந்துத் தலையைத் திரியின் நுனியில் அழுத்திப் பிடித்துக்கொண்டு, தீப்பெட்டியை அதன் மேல் உரச வேண்டும். குச்சி சீறிக்கொண்டு பற்றும் அந்த முதல் நொடிச் சூடு நேராகத் திரிக்குள் இருக்கும் மருந்தில் இறங்கிவிடும். அவ்வளவுதான் விஷயம்! வெடி வைக்கும் வேலை பழகியவர்களுக்குத் தெரிந்த சின்ன உத்தி. அந்தக் குழியில் அப்போது அதைச் செய்ய அவர் இருந்தார்.

அடுத்த முக்கால் மணி நேரம் அவர் தனி ஆளாகக் குண்டுகளைப் பற்றவைத்து வீசினார். சரியாக வீசவேண்டுமானால் குழியின் படி மேல் ஏறி, தலையும் தோளும் வெளியே தெரிய நிற்க வேண்டும். ஒவ்வொரு தடவை ஏறும்போதும் எதிரி துப்பாக்கி அவரைக் குறிவைத்தது. ஜெர்மானியர்கள் முன்னேற முடியவில்லை. அந்த 45 நிமிடத்தில், தூக்கிச் செல்லக்கூடிய நிலையில் இருந்த காயம்பட்டவர்கள் எல்லோரையும் வெளியே கொண்டுபோக முடிந்தது. 1915 பிப்ரவரியில் விக்டோரியா கிராஸ் அறிவிக்கப்பட்டது.

இந்தச் சம்பவத்தை எப்படிச் சொல்வது என்பதில்தான் பிரச்சினையே. 'உயிரைத் துச்சமாக மதித்து எதிரியைத் தடுத்தார்' என்று ஒரே வரியில் சொல்லலாம். பதக்க அறிவிப்பும் கிட்டத்தட்ட அப்படித்தான் இருக்கும். அதில் பொய் எதுவும் இல்லை, ஆனால் பாதி இல்லை. அந்தக் குழியில் இருந்த மற்றவர்களும் கோழைகள் இல்லை. நீம் வருவதற்கு முன்பே அவர்கள் சண்டை போட்டுச் செத்துக்கொண்டிருந்தார்கள். துணிச்சல் அங்கே ஏற்கனவே நிறைய இருந்தது. இல்லாமல் போனது திரியைப் பற்றவைக்கும் வழி. நீம் கொண்டுவந்த புதுச்சரக்கு அதுதான். அந்த அறிவு இல்லாமல் அதே துணிச்சலோடு படியேறி நின்றிருந்தால், பற்றாத ஜாம் டின்னைக் கையில் வைத்துக்கொண்டு செத்திருப்பார். பதக்கமும் வந்திருக்காது, காயம்பட்டவர்களும் பிழைத்திருக்க மாட்டார்கள்.

'தெரிந்தவன் எல்லோரும் படியேறி நிற்பானா? அதற்குத் தைரியம் வேண்டாமா?' என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. வேண்டும்தான். இரண்டும் ஒரே ஆளிடம் ஒரே நேரத்தில் இருந்தது என்பதுதான் நீமின் பெருமை. ஆனால் நாம் கதை சொல்லும்போது ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை விட்டுவிடுகிறோம்.

போருக்குப் பின் அவர் வாழ்க்கை ஒரு சாகசக் கதை மாதிரியே போகிறது. 1924 பாரிஸ் ஒலிம்பிக்கில் ஓடும் மான் வடிவப் பலகையைச் சுடும் குழுப் போட்டியில் தங்கம். இந்தியாவில் பணியாற்றியபோது புலியிடம் அடிபட்டுப் பிழைத்தார். 1936-ல் பிரிட்டிஷ் தூதுக்குழுவோடு லாசாவுக்குப் போய் திபெத்தியப் படையைப் பற்றி ஆலோசனை சொன்னார். டி.எஸ்.ஓ. பதக்கம் 1916-லேயே வந்துவிட்டது. பின்னாளில் 'சர்' பட்டமும் வந்தது.

1941-தான் கசப்பான வருடம். அப்போது அவர் வட ஆப்பிரிக்காவில், லிபியாவின் சைரனைக்கா பகுதியில் படைத்தலைவர். நல்ல படைப்பிரிவுகளை கிரீஸ் நாட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். மிச்சம் இருந்ததில் ஆளும் குறைவு, டாங்கியும் குறைவு. மார்ச் கடைசியில் ரோமெல் தாக்கினார். நீம் படைகளை நிறுத்தியிருந்த விதத்தில் மேலதிகாரி வேவலுக்குத் திருப்தி இல்லை. அனுபவசாலியான ஜெனரல் ஓ'கானரை உதவிக்கு அனுப்பினார். ஏப்ரல் 6-ம் தேதி இரவு பின்வாங்கும்போது நீமும் ஓ'கானரும் போன கார் வழி தவறி ஜெர்மானியர்களிடம் மாட்டியது. இரண்டு ஜெனரல்களும் கைதி!

விக்டோரியா கிராஸ் வாங்கியவர் தோற்கலாமா? தாராளமாகத் தோற்கலாம். பதக்கம் அன்றைக்குச் செய்த காரியத்துக்குத் தரப்படுவது. ஆயுள் முழுவதும் ஜெயிப்பார் என்று அது உத்தரவாதம் தருவதில்லை. 1914-ல் அவருக்குத் தெரிந்த ஒரு விஷயம் 45 நிமிடத்தைக் காப்பாற்றியது. 1941-ல் பாலைவனத்தில் டாங்கிப் போர் என்பது வேறு பாடம்.

ஆனால் கதை அங்கே முடியவில்லை. இத்தாலியில் ஃப்ளாரன்ஸ் நகருக்குப் பக்கத்தில் வின்சிலியாட்டா என்ற கோட்டையில் உயர் அதிகாரிகளை அடைத்து வைத்திருந்தார்கள். 1942 செப்டம்பரில் அங்கே சுரங்கம் தோண்ட ஆரம்பித்தார்கள். பூட்டிக் கிடந்த தேவாலய அறைதான் ஆரம்ப இடம். தோண்டியவர்கள் எல்லாம் ஐம்பதை ஒட்டிய ஜெனரல்களும் பிரிகேடியர்களும். கையில் கிடைத்த இரும்பும் கத்தியும்தான் கருவி. எங்கே ஆரம்பிக்க வேண்டும், எவ்வளவு ஆழம், எந்தத் திசை, மதில் எங்கே முடிகிறது என்று கணக்குப் போட ஒரு ஆள் வேண்டுமே! அந்த ஆள் நீம். பழைய சாப்பர்.

1943 மார்ச் 29 இரவு ஆறு பேர் அந்தச் சுரங்கம் வழியாக வெளியேறினார்கள். ஹார்கெஸ்ட், மைல்ஸ் என்ற இரண்டு நியூசிலாந்து பிரிகேடியர்கள் சுவிட்சர்லாந்து போய்ச் சேர்ந்தார்கள். மற்ற நால்வரும் பிடிபட்டார்கள். அந்த ஆறு பேரில் நீம் இல்லை. வழி போட்டுக் கொடுத்தவர் உள்ளேயே இருந்தார். இத்தாலி சரணடைந்த பிறகுதான் வெளியே வந்து, மலைகளில் துறவிகளிடமும் விவசாயிகளிடமும் ஒளிந்திருந்து, 1943 டிசம்பரில் பிரிட்டிஷ் எல்லையை அடைந்தார்.

அவர் பெயரைச் சொன்னால் 45 நிமிடம் நினைவுக்கு வருகிறது. அந்த ஏழு மாத வேலை யாருக்கும் நினைவுக்கு வருவதில்லை. விதியே அப்படித்தான். விக்டோரியா கிராஸ் எதிரியின் முன்னிலையில் காட்டிய வீரத்துக்கு மட்டுமே உரியது. பாலம் கட்டுகிறவன், சுரங்கம் கணக்குப் போடுகிறவன் எதிரே பெரும்பாலும் எதிரி நிற்பதில்லை. இந்தக் குறையை ஓரளவு சரிசெய்யத்தான் 1940-ல் ஜார்ஜ் கிராஸ் என்ற சமமான பதக்கத்தை உருவாக்கினார்கள். வெடிக்காத குண்டுகளைச் செயலிழக்கச் செய்த ராணுவப் பொறியாளர்கள் பலருக்கு அது கிடைத்தது.

நீம் 1940-ல் கொஞ்ச காலம் தலைமை தாங்கிய 4-வது இந்திய டிவிஷனில் மெட்ராஸ் சாப்பர்களும் இருந்தார்கள். அவர்களில் ஒருவர் செங்கல்பட்டு மாவட்டத்துச் சுபேதார் சுப்ரமணியன். 1944 பிப்ரவரி 24 அன்று இத்தாலியில் மின்யானோ அருகே கண்ணிவெடி அகற்றிக்கொண்டிருந்தபோது கூட இருந்தவர் ஒரு வெடியை மிதித்துவிட்டார். அந்த ரகம் மிதித்ததும் வெடிக்காது, சில விநாடி தாமதம் உண்டு. அந்தச் சில விநாடிக்குள் சுப்ரமணியன் அதன் மேல் விழுந்து தன் உடம்பால் மூடினார். அவர் இறந்தார், சுற்றி இருந்தவர்கள் பிழைத்தார்கள். ஜார்ஜ் கிராஸ் அவருக்கு வந்தது. இங்கேயும் தியாகத்தைச் சொல்கிறோம், சரி. ஆனால் எத்தனை நொடி மிச்சம் இருக்கிறது என்று அவருக்குத் தெரிந்திருந்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டாமா?

பள்ளிப் பாடப் புத்தகத்திலும் சினிமாவிலும் வீரன் என்றால் பயமே இல்லாதவன் என்று காட்டிக் காட்டிப் பழக்கிவிட்டார்கள். லேப் ரெக்கார்டைப் பார்த்து எழுதி, செய்முறையை எப்படியோ ஒப்பேற்றி, 'இதெல்லாம் எங்கே உதவப் போகிறது' என்று கேட்கும் இன்ஜினியரிங் மாணவர்கள் நீமின் தீக்குச்சியைக் கொஞ்சம் யோசிக்கலாம். அது பெரிய தத்துவம் இல்லை, கையால் செய்து பழகிய ஒரு சின்ன விஷயம். தேவைப்பட்ட இடத்தில் அது பல பேர் உயிரின் விலை.

பிலிப் நீம் 1978-ல் இறந்தார். பதக்கத்தின் முன்பக்கம் 'வீரத்துக்காக' என்று பொறித்திருக்கிறது. வேலை தெரிந்ததற்காக என்று எந்தப் பதக்கத்திலும் பொறிப்பதில்லை. அந்த வார்த்தையைச் சேர்த்து வாசிப்பது, கதை சொல்கிறவர்கள் செய்ய வேண்டிய வேலை.