கதவருகே நின்ற குதிரை

ஆங்கில மரபுத்தொடர்களுள் மாணவர் பிழைபட உணர்வனவற்றுள் 'ஹொப்சன்ஸ் சொய்ஸ்' என்பதும் ஒன்று. தமிழில் 'ஹொப்சனின் தெரிவு' எனலாம். இரு துன்பங்களுள் எதனை ஏற்பது எனத் தடுமாறும் நிலையே இதுவென விடைத்தாள்களில் எழுதியிருக்கக் கண்டிருக்கிறோம். அந்நிலையை 'இருதலைக் கொள்ளி எறும்பு' என்பது நம் வழக்கு. ஹொப்சனின் தெரிவு அதுவன்று. தருவதைப் பெற்றுக்கொள், இன்றேல் வெறுங்கையுடன் செல் என்பதே அதன் பொருள்.

தோமஸ் ஹொப்சன் கேம்பிரிட்ஜ் நகரத்தவர். அந்நகருக்கும் இலண்டனுக்கும் இடையே கடிதங்களையும் பொதிகளையும் வண்டியிற் கொண்டுசெல்வது அவர் தொழில். அத்துடன், பல்கலைக்கழக மாணவர்க்குக் குதிரைகளை வாடகைக்கு விட்டும் வந்தார். அவர் லாயத்தில் நாற்பது குதிரைகள் இருந்தனவென்று ரிச்சட் ஸ்டீல் 1712 ஆம் ஆண்டில் 'ஸ்பெக்டேற்றர்' இதழில் எழுதியுள்ளார். நாற்பது நின்றும் என்ன? வந்தவர் கதவுக்கு மிக அண்மையில் நிற்கும் குதிரையையே கொள்ளல் வேண்டும். வேறொன்றைக் கேட்டால் கிடையாது.

இஃதென்ன பிடிவாதம் என்று தோன்றும். ஆனால் காரணம் உண்டு. விரைந்தோடும் குதிரையையே எல்லாரும் நாடுவர். அவர்கள் விருப்பப்படி விட்டால், நல்ல குதிரை நாள்தோறும் ஓடி இளைத்துப்போகும். ஏனையவை தின்று கொழுத்து நிற்கும். முறை வைத்தமையால், ஓடிக் களைத்த குதிரைக்கு ஓய்வு கிடைத்தது. செல்வர் மகனுக்கும் எளிய மாணவனுக்கும் ஒரே நீதி வழங்கிற்று.

கொள்ளைநோயால் இலண்டன் பயணம் தடைப்பட்டிருந்த காலத்தில், 1631 ஆம் ஆண்டு சனவரி முதல் நாள் ஹொப்சன் காலமானார். அப்போது கேம்பிரிட்ஜில் மாணவராயிருந்த மில்டன் அவர்மீது இரு கவிதைகள் பாடினார். வண்டிக்காரர் ஒருவர்க்கு இது சிறிய பெருமையன்று.

நம் இல்லங்களிலும் இத்தெரிவு உண்டு. "உன் விருப்பம்போல் படி, ஆனால் மருத்துவம் படி" என்று பிள்ளையிடம் கூறும் பெற்றோர் பலர். ஆசிரியராகிய நாமும் அவ்வாறு கூறியதுண்டு. ஹொப்சன் பிறர் தெரிவை மறுத்தது வாய்பேசா உயிரின் பொருட்டு. நாம் மறுப்பது பிள்ளையின் பொருட்டா, நம் பெருமையின் பொருட்டா? மறுக்குமுன் ஒருமுறை எண்ணிப் பார்ப்பது நன்று.