பொண்டாட்டி அடித்தால் பகிடியா?

கொஞ்ச நாளுக்கு முன் ஒரு பொடியனைக் கண்டேன். யார், எந்த ஊர் என்று கேட்க வேண்டாம். கல்யாணமாகி வருசம் ஆகவில்லை. கழுத்தில் நகக் கீறல், கையில் சூட்டுக் காயம். கேட்டால் "பூனை சேர்" என்றான். "வீட்டுப் பூனை சேர்!" என்று கூட்டாளிமார் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

அவன் மனைவிக்கு இதே காயம் என்றால் பின்னேரமே பள்ளி நிர்வாகத்துக்குப் போயிருக்கும். போகத்தான் வேண்டும். 2019 கணக்கெடுப்பில் நம் நாட்டுப் பெண்களில் ஐந்தில் ஒருவர் துணையின் வன்முறைக்கு ஆளானதாகச் சொன்னார்கள். அதை மறைக்க இதைத் தூக்கிக்கொண்டு கொமெண்டுக்கு வருபவர்களை புளொக் பண்ணுவேன்.

ஆனால் "செல்லமா வளர்ந்த புள்ள, கோபம் வந்தா கை நீண்டிரும்" என்று சொல்லும் உம்மாமாரே, மருமகன் இப்படிச் சொன்னால் விடுவீர்களா? 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டம் ஆண், பெண் என்று பிரிக்கவில்லை. அடி வாங்கிய கணவனும் நீதவான் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளை கேட்கலாம். ஊரே சிரிக்கும்போது எவன் போவான்?

பொறுத்துப் பொறுத்து ஒருநாள் அவன் திருப்பி அடிப்பான், அல்லது காழியாரிடம் போய் நிற்பான். அன்றைக்கு "நல்ல பொடியனாச்சே" என்று ஆச்சரியப்படாதீர்கள்.

சிரித்த கூட்டாளிமாரே, இன்றைக்கே அவனுக்கு ஒரு கோல் எடுங்கள்.