தொண்டு என்ற சொல்லும் சம்பளம் என்ற சொல்லும்

யாழ்ப்பாணத்துச் சிறுவர் இல்லங்களையும் முதியோர் இல்லங்களையும் பற்றிய செய்திகளைப் பத்திரிகை மேசையில் ஆண்டுக்கணக்காகப் பார்த்து வந்தவன் நான். நிறுவுநரின் படம் இருக்கும். நன்கொடையாளரின் பெயர் இருக்கும். இரவிரவாகப் பிள்ளையின் காய்ச்சலுக்கு விழித்திருப்பவளின் சம்பளம் எவ்வளவு என்ற வரி மட்டும் இருக்காது.

இவ்வில்லங்களின் தேவையை நான் மறுக்கவில்லை. தெல்லிப்பழையில் மகளிர் இல்லம் கண்ட சிவத்தமிழ்ச்செல்வி தங்கம்மா அப்பாக்குட்டி போன்றோர் இல்லையேல், போர்க்காலத்தில் எத்தனையோ பிள்ளைகள் தெருவில் நின்றிருப்பர். என் வழக்கு அவர்களோடு அன்று, அரசோடு.

1941 ஆம் ஆண்டில் இரு கட்டளைச் சட்டங்கள் பிறந்தன. 22 ஆம் இலக்கம் அநாதை இல்லங்களைப் பதிவு செய்வதற்கு. 27 ஆம் இலக்கம் சம்பளச் சபைகளை அமைப்பதற்கு. பிள்ளைக்கு ஒரு சட்டம், தொழிலாளிக்கு ஒரு சட்டம். பிள்ளையைப் பார்க்கும் தொழிலாளி இரண்டுக்கும் நடுவே விழுந்துபோனாள்.

1958 ஆம் ஆண்டின் ஊழியர் சேமலாப நிதியை எடுத்துக்கொள்ளுங்கள். தொழில் கொள்வோர் 12 வீதம், ஊழியர் 8 வீதம் என்பது பொது விதி. ஆனால் பத்துப் பேருக்குக் குறைவானோர் பணிபுரியும் சமய, சமூக, தரும நிறுவனங்களுக்கு விலக்கு உண்டு. அநாதைகளுக்கும் ஆதரவற்றோருக்கும் கண் தெரியாதோருக்கும் காது கேளாதோருக்கும் பயிற்சியளிக்கும் நிலையங்களுக்கும் விலக்கு உண்டு. 1983 ஆம் ஆண்டின் பணிக்கொடைச் சட்டமோ பதினைந்து ஊழியர் இருந்தாற்றான் கண் திறக்கும். இருபது ஆண்டுகள் பிறர் பிள்ளையை வளர்த்தவள் வெறுங்கையோடு படலையைத் தாண்டிப் போவதற்குச் சட்டமே வழிவிடுகிறது.

குறைந்தபட்ச மாதச் சம்பளம் 2025 ஏப்ரலில் 27,000 ரூபாவாகவும் 2026 ஜனவரியில் 30,000 ரூபாவாகவும் உயர்த்தப்பட்டது. அதை முழுமையாகக் கொடுத்தாலும், இல்லத்திலேயே தங்கி மாதம் 26 நாள் இரவும் பகலும் பொறுப்பிலிருப்பவளுக்கு மணித்தியாலத்துக்கு 48 ரூபாதான் விழும். கடையில் ஒரு பால்தேநீருக்கும் அது காணாது.

"சம்பளம் பேசினால் அது தொண்டாகுமா?" என்று கேட்போர் உளர். தொண்டு செய்ய முன்வந்தவர் நிறுவுநர், அவரை வணங்குவோம். வேலை தேடி வந்த விதவைத் தாய் தொண்டு செய்ய வரவில்லை. தன் பிள்ளைகளுக்கு உலை வைக்க வந்தாள். ஒருவரின் தருமத்துக்கு இன்னொருவரின் கூலியைக் காணிக்கையாக்குவது எந்தச் சமயத்தில் அறம்?

நன்கொடையாளர்களுக்கும் ஒரு சொல். கனடாவிலிருந்தும் இலண்டனிலிருந்தும் பிறந்தநாளுக்கும் நினைவுநாளுக்கும் மதியச் சோறு அனுப்புகிறீர்கள். கட்டடம் கட்டிப் பெயர்க்கல் பதிக்கிறீர்கள். சோற்றைச் சமைத்துப் பரிமாறுபவளின் சேமலாப நிதிக்கு எவரும் பெயர்க்கல் கேட்பதில்லை. ஆதலால் பணமும் வருவதில்லை.

நன்னடத்தை, சிறுவர் பராமரிப்புத் திணைக்களம் பிள்ளையின் தலையை எண்ணி உதவுதொகை வழங்குகிறது. பராமரிப்பாளரின் தலையையும் எண்ணட்டும். இத்தனை பிள்ளைக்கு இத்தனை ஊழியர் எனக் கணித்து, அவர்களின் சம்பளத்தை மாகாண சபை தனித் தலைப்பில் ஒதுக்கட்டும். சேமலாப நிதி விலக்கைத் தொழில் அமைச்சு நீக்கட்டும். சிறிய இல்லங்களால் 12 வீதம் தாங்க இயலாதெனின் அதை அரசே செலுத்தட்டும். அரசு செய்யவேண்டிய வேலையைத்தானே அவர்கள் செய்கிறார்கள்!

பிள்ளைகளைக் காக்கும் கைகள் அடிக்கடி மாறினால் முதலில் தவிப்பது பிள்ளைகளே. சம்பளம் போதாமல் ஒருத்தி விலகும்போது, தாயை ஒருமுறை இழந்த குழந்தை மறுமுறையும் இழக்கிறது.