குடியேறியோர் எழுப்பிய ஊர்

பெங்களூரின் கீழ்த்திசையில் கண்ணாடி மாளிகைகளோடு நிமிர்ந்து நிற்கும் வைட்ஃபீல்ட், குடியேறியோர்க்கென்றே பிறந்த ஊர். 1882ஆம் ஆண்டில் மைசூர் மன்னர் பத்தாம் சாமராஜ உடையார், யூரேசியரும் ஆங்கிலோ இந்தியரும் பயிர்செய்து வாழ 3,900 ஏக்கர் நிலம் அளித்தார். முன்னின்று உழைத்த டேவிட் வைட்டின் பெயரே ஊருக்கும் ஆயிற்று.

2020 சனவரியில், இவ்வூருக்கு அண்மையிலுள்ள கரியம்மன அக்ரகாரத்தில், வங்கதேசத்தார் என்னும் ஐயத்தின் பேரில் கூலித் தொழிலாளரின் குடிசைகள் இடிக்கப்பட்டன. அங்கிருந்தோருள் வட கருநாடகத்தாரும் வடகிழக்கு மாநிலத்தாரும் உண்டு. மக்கள் சிவில் உரிமைக் கழகம் வழக்குத் தொடுக்க, வீடிழந்தோர்க்கு மறுவாழ்வளிக்கும் பொறுப்பு அரசினுடையது என்றது கருநாடக உயர் நீதிமன்றம். அவ்வாண்டு மே மாதத்தில், கொரோனா ஊரடங்கின்போது, கட்டுமான நிறுவனத்தாரைச் சந்தித்த பின், தொழிலாளர் ஊர் திரும்புதற்கான தொடர்வண்டிகளை அரசு நிறுத்தியது. கண்டனம் எழவே மீண்டும் இயக்க இசைந்தது. சனவரியில் விரட்டத் தக்கவராயிருந்தோர் மே மாதத்தில் விடத் தகாதவராயினர்!

இம்முரண் நேற்றுப் பிறந்ததன்று. வரலாற்றறிஞர் ஜானகி நாயர் 1998இல் வெளியிட்ட 'மைனர்ஸ் அண்ட் மில்ஹேண்ட்ஸ்' என்னும் நூல், மைசூர் சமஸ்தானத்தின் சுரங்க, ஆலைத் தொழிலாளரைப் பற்றியது. கோலார் தங்கவயலின் ஆழத்தில் இறங்கியோர் பெரும்பாலும் வட ஆர்க்காடு, சித்தூர்ப் பகுதிகளினின்று வந்த ஒடுக்கப்பட்ட மக்கள். பொன்னுக்கு அவர்தம் உழைப்பு வேண்டியிருந்தது. அவர்கள்மீது நம்பிக்கைதான் இல்லை. 1930இல் கைரேகை பதியுமாறு பணிக்கப்பட்டபோது, அவர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினர். மைசூரில் தொழிற்சங்கச் சட்டமே இல்லாத காலம் அது. அடையாளச் சீட்டைக் காட்டு என்று இன்று தகரக் கொட்டகையின் வாயிலில் எழும் அதட்டலை இதனோடு சேர்த்தே எண்ணுதல் வேண்டும்.

சுரங்கம் 2001இல் மூடப்பட்டது. அத்தொழிலாளரின் வழித்தோன்றல்கள் விடியுமுன் மாரிக்குப்பத்தில் தொடர்வண்டி ஏறி, வைட்ஃபீல்ட் வழியாக நாள்தோறும் பெங்களூருக்கு வேலைக்கு வருகின்றனர். அவர்களுக்கேனும் ஒரு வரலாற்று நூல் வாய்த்தது. அருகே சாரத்தில் நிற்கும் வடபுலத்து இளைஞனுக்கு?

தொழிலாளர் எழுதிவைப்பது சிறிது; அவர்களைப் பற்றி நிறுவனமும் காவல்துறையும் எழுதுவதே மிகுதி. கட்டடம் முடிந்ததும் மேஸ்திரியின் வருகைக் குறிப்பேடும் குப்பைக்குப் போகிறது. அக்குறிப்பேடுகளையும், வெளியேற்ற அறிவிக்கைகளையும், நீதிமன்ற மனுக்களையும், தொழிலாளரின் வாய்மொழியையும் கருநாடக ஆவணக் காப்பகமும் பெங்களூர்ப் பல்கலைக்கழகங்களும் இன்றே திரட்டத் தொடங்குதல் வேண்டும். தங்கவயல் மாநில எல்லைக்கு அப்பால் உள்ளதென்று தமிழகப் பல்கலைக்கழகங்கள் ஒதுங்கியிருத்தலும் தகாது.