கிழிந்த பட்டமும் ஒட்டும் கலையும்

தைத் திங்கள் பிறக்கையில் நம் இல்லங்களில் பொங்கற்பானை அடுப்பேறுகிறது. குஜராத்து மக்களோ மொட்டை மாடி ஏறுகின்றனர். ஜனவரி 14ஆம் நாள் அவர்களுக்கு உத்தராயணம். மறுநாள் வாசி உத்தராயணம். ஆமதாபாத்திலும் சூரத்திலும் வாழும் நம் குழந்தைகளும் அவ்விரு நாட்களில் உந்தியுவும் சிக்கியும் உண்டு, அண்டை வீட்டாருடன் பட்டம் விடுகின்றனர். குடியேறிய ஊரின் விழாவில் கலந்து மகிழ்வது நற்பண்பே.

ஆயினும், அறுந்து மிதக்கும் பட்டத்தைப் பிடிக்க அண்ணாந்தபடியே ஓடும் பிள்ளைகள் மாடியிலிருந்து விழுவதும், சாலையில் வண்டிகளின் குறுக்கே பாய்வதும் உண்டு. தன் பட்டம் கிழிந்து வெறுங்கையுடன் நிற்கும் பிள்ளைக்கே அவ்வாசை மிகுதி. ஆகவே, கிழிந்ததை அங்கேயே செப்பனிடும் பொருள்கள் மாடியில் இருத்தல் வேண்டும் என்போம்.

இதன்பொருட்டே அவ்வூர்க் கடைகளில் 'குந்தர்பட்டி' என்னும் பசைத்தாள் நாடா விற்கின்றனர். அது கிட்டாவிடில் மெல்லிய வண்ணத்தாள், மைதாப் பசை, கத்தரிக்கோல், நூல் ஆகியவை போதும். பட்டத்தைச் சமதளத்தில் கவிழ்த்து, கிழிந்த விளிம்புகளை ஒன்றுசேர்க்க வேண்டும். ஓட்டையைவிட எப்புறமும் ஒரு விரற்கடை பெரிதாகத் தாளை வெட்டுக, மூலைகளை வளைவாக்குக. கூரிய மூலையே முதலில் பெயரும். பசையை மெல்லெனத் தடவி, நிழலில் உலர விடுக. ஈரத்தோடு ஏற்றினால் தாள் மீண்டும் கிழியும்.

ஒட்டு ஒருபுறம் பெரிதாயின் பட்டம் அப்பக்கமே சாயும். மறுபுறத்தில் அதற்கு ஈடாகச் சிறு தாளை ஒட்டினால் நிலை சீராகும். வளைகுச்சி விரிசல் கண்டால், மெல்லிய மூங்கிற் சிம்பொன்றை அதனுடன் சேர்த்து நூலால் சுற்றுக. சூத்திரக் கயிறு கட்டும் துளைகள் அகன்றிருந்தால், அவற்றின்மேலும் தாளொட்டிப் புதிதாய்த் துளையிடுக.

நூலைப் பற்றியும் ஒரு சொல். நைலான் முதலிய செயற்கை இழைகளாலான மாஞ்சாவுக்கு நாடெங்கும் தடை விதித்துத் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2017இல் ஆணையிட்டது. அவ்விழை எளிதில் அறாது, மட்கவும் மட்காது. மரக்கிளையில் சிக்கிப் பல நாள் தொங்கிப் பறவையின் சிறகை அறுக்கும்; இருசக்கர வண்டியில் செல்வோரின் கழுத்தையும் அறுக்கும். கண்ணாடித் தூள் பூசாத பருத்தி நூலையே நம் பிள்ளைகளுக்கு வாங்கித் தருவோம். பறவைகள் இரை தேடிச் செல்லும் காலை வேளையிலும் கூடு திரும்பும் மாலை வேளையிலும் பட்டங்களை இறக்கி வைப்போம்.

பூசாத நூல் போட்டியில் விரைவில் அறுபடும் என்று பிள்ளைகள் முறையிடக்கூடும். அறுந்தது போகட்டும், கையில் எஞ்சியதை ஒட்டி ஏற்றலாம் என்று பெற்றோர் அருகிருந்து கற்பித்தால், தோல்வியைத் தாங்கும் மனமும் பொருளைப் பேணும் வழக்கமும் ஒருங்கே வாய்க்கும்.