"உங்களுக்கென்ன, எல்லாம் கவர்மெண்டே கொடுத்துடுது!"

கல்லூரியில் சேர்ந்த நாள் முதல் இதைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. வகுப்பில் சொன்னார்கள். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவள் சொன்னாள். அம்மா சித்தாள் வேலைக்குப் போன வீட்டுக்காரம்மாவும் சொன்னார்.

கொடுத்துவிட்டார்களாம்! கொடுத்திருந்தால் என் பட்டச் சான்றிதழ் ஏன் இன்னும் கல்லூரி அலுவலக பீரோவில் கிடக்கிறது? பொறியியல் படித்து, அரியர் ஒன்றுகூட இல்லாமல் முடித்தவள் நான். அதைக் காட்ட ஒரு தாள் கையில் இல்லை. பிளஸ் டூ மார்க் ஷீட் ஜெராக்ஸைக் காட்டி ஒரகடத்தில் ஒரு கம்பெனியில் ஷிப்ட் பார்க்கிறேன். என்னோடு படித்தவன் அதே கம்பெனிக்கு இன்ஜினியராக வந்து சேர்ந்திருக்கிறான். எதிரே வந்தால் அவன்தான் சங்கடப்பட்டு ஒதுங்கிப் போகிறான்.

எங்களைப் போன்ற ஆதிதிராவிட மாணவர்களுக்கான போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை நேற்று முளைத்த இலவசம் அல்ல. 1944-ல், அம்பேத்கர் வைஸ்ராயின் நிர்வாகக் குழுவில் இருந்த காலத்தில் தொடங்கியது. சுதந்திரத்தைவிட மூத்தது. தமிழ்நாட்டில் 2012 செப்டம்பரில் அரசாணை 92 வந்தது. சுயநிதிக் கல்லூரிகள் எங்களிடம் கட்டணம் கேட்கக் கூடாது, அரசே கட்டும் என்கிறது அது. அதன் நகலை எடுத்துக்கொண்டு போய்க் கல்லூரி கவுண்டரில் நீட்டினேன். "இதெல்லாம் பேப்பர்லம்மா. பணம் வரட்டும், பாக்கலாம்" என்று திருப்பித் தள்ளினார் கிளார்க். அரசாணையே பேப்பர் என்றால், அவர்கள் கேட்கிற டிமாண்ட் டிராஃப்ட் மட்டும் கல்வெட்டா?

2020 டிசம்பரில் மத்திய அமைச்சரவை ஐந்து ஆண்டுகளுக்கு 59,048 கோடி ரூபாய்த் திட்டத்துக்கு ஒப்புதல் தந்தது. நூற்றில் அறுபது பங்கு மத்திய அரசு, நாற்பது பங்கு மாநில அரசு. மத்தியப் பங்கு நேராக மாணவர் கணக்குக்கே வரும் என்றார்கள். கேட்க எவ்வளவு அழகு! ஆதார் கடைசியாக எந்தக் கணக்கோடு இணைந்ததோ அந்தக் கணக்கில்தான் பணம் விழும் என்பதை யார் எனக்குச் சொன்னார்கள்? பள்ளியில் படிக்கும்போது தொடங்கி, மறந்தே போன கணக்கு ஒன்றில் அது விழுந்து கிடந்தது. மெசேஜ் போன நம்பர் அப்பாவின் பழைய சிம். அதற்குள் கல்லூரி அலுவலகத்தில் எல்லார் முன்னாலும், "பணத்தை வாங்கித் தின்னுட்டு வரலைங்கிறீங்களா?" என்று கேட்டுவிட்டார்கள். பணத்தை எடுத்துக்கொண்டுபோய்க் கட்டினேன். சொன்ன வார்த்தையை யாரும் திரும்ப வாங்கிக்கொள்ளவில்லை.

மூன்றாம் ஆண்டு புதுப்பிக்கும் விண்ணப்பம் வருமானச் சான்றிதழுக்காக நின்றது. இ-சேவை மையத்துக்கும் தாலுகா ஆபீசுக்கும் நடந்து, சான்றிதழ் கைக்கு வந்தபோது போர்ட்டலை மூடிவிட்டிருந்தார்கள். அந்த ஒரு வருடத்துப் பணம்தான் இன்றைக்கு என் பெயரில் 'பாக்கி'. தாமதித்தது தாலுகா ஆபீஸ், கடனாளி நான்.

வருமானம் என்றதும் இன்னொன்றை நினைத்தும் வயிறு எரிகிறது. பொதுப் பிரிவு ஏழைகளுக்கென்று 2019-ல் இட ஒதுக்கீடு வந்தபோது, வருடம் எட்டு லட்சத்துக்குக் கீழே சம்பாதித்தால் ஏழை என்றார்கள். எங்கள் உதவித்தொகைக்கோ 2013-ல் வைத்த இரண்டரை லட்சம்தான் இன்றும் கோடு. ஒரே நாட்டில் ஏழைக்கு இரண்டு அளவுகோலா? வீட்டிலிருந்து போய் வரும் பொறியியல் மாணவிக்குப் பராமரிப்புப் படி வருடத்துக்கு 7,000 ரூபாய். கல்லூரி பஸ் கட்டணத்துக்கே அது காணாது.

பணத்தைக்கூட விடுங்கள். எனக்கு ஒரு 'மென்டார்' இருந்தார், தெரியுமா? இருபது மாணவருக்கு ஒருவர் என்று கணக்கு. கல்லூரியின் தரத்தை மதிப்பிடும் நாக் (NAAC) குழு வருவதற்கு முந்தின மதியம் மென்டார் நோட்டுகளை மேசையில் பரப்பி, எல்லாச் சந்திப்புகளையும் நாங்களே எழுதினோம். "மாணவி ஆர்வமாக உள்ளார். பெற்றோர் ஒத்துழைக்கின்றனர்" என்று அவர் சொல்லச் சொல்ல எழுதிக் கையெழுத்துப் போட்டேன். கடைசித் தேதியை ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும், அந்த நோட்டே வேண்டியிருந்திருக்காது. அவரையும் முழுக்கத் திட்ட மனம் வரவில்லை. அவருக்கே மூன்று மாதச் சம்பளம் நிலுவை என்று பேசிக்கொண்டார்கள்.

மற்ற வீடுகளில் இப்படிக் கடைசித் தேதியைச் சொல்ல ஒரு மாமா இருப்பார், பேங்கில் வேலை பார்க்கும் சித்தப்பா இருப்பார், அமெரிக்காவிலிருந்து போன் போடும் அக்கா இருப்பாள். எந்தக் கல்லூரி, எந்தப் பிரிவு, எந்தப் படிவம், யாரிடம் எந்தக் குரலில் பேசவேண்டும் என்பதெல்லாம் சொத்துப்போல இறங்கி வரும். எங்கள் தெருவில் கல்லூரி வாசலை முதலில் மிதித்தவள் நான். எனக்கு யார் சொல்வது?

இறுதி செமஸ்டருக்கு முன்னால், "ஸ்காலர்ஷிப் பசங்க மட்டும் வெளிய நில்லுங்க" என்று ஹால் டிக்கெட் தராமல் நிற்க வைத்தார்களே, அதற்கு எந்தக் கணக்கில் வட்டி போடுவது? அசல் சான்றிதழ்களைக் கல்லூரிகள் பிடித்துவைக்கக் கூடாதென்று 2018-லேயே யுஜிசி அறிவித்தது. சான்றிதழ் விற்பனைப் பொருளல்ல, பிணையாக வைத்துக்கொள்ள முடியாது என்று சென்னை உயர் நீதிமன்றமும் சொல்லியிருக்கிறது. வழக்குப் போடு என்கிறார்கள். எந்த லீவில்? 2024-ல் முசாபர்நகர் மாவட்டத்துக் கூலித் தொழிலாளியின் மகன் ஒருவன், 17,500 ரூபாயை நேரத்துக்குக் கட்ட முடியாமல் தன்பாத் ஐஐடி இடத்தை இழந்தான். உச்ச நீதிமன்றம் வரை போய்த்தான் அதை மீட்டான். ஒரு பையன் கல்லூரிக்குள் நுழைய தலைமை நீதிபதி உட்கார வேண்டியிருக்கிறது இந்த நாட்டில். எங்கள் வழக்கு அந்த கிளார்க்கின் கவுண்டரைத் தாண்டுவதில்லை.

இப்போது தம்பி பிளஸ் டூ. போன வாரம் ஒரு ஏஜென்ட் வீட்டுக்கே வந்துவிட்டான். "சீட் இருக்குப்பா, ஸ்காலர்ஷிப்ல எல்லாம் ஃப்ரீ, அட்வான்ஸ் மட்டும் கொடுங்க." அப்பா "சரிங்க சார், சரிங்க சார்" என்று நிற்கிறார். 2018-ல் திருத்திய விதிப்படி நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்ந்தால் இந்த உதவித்தொகையே கிடையாது. அது அந்த ஏஜென்டுக்கும் தெரியும். ஷிப்ட் முடித்து வந்த யூனிஃபார்மோடு நடுவில் போய் நின்றேன்.

"கவுன்சிலிங் சீட்டா, மேனேஜ்மெண்ட் சீட்டா?"

"அதெல்லாம் சேர்ந்தப்புறம் பாத்துக்கலாம்மா."

"இப்பச் சொல்லுங்க. எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்க."

பைக் சாவியை எடுத்துக்கொண்டு அடுத்த தெருவுக்குக் கிளம்பிவிட்டான். அங்கேயும் இரண்டு பிள்ளைகள் பிளஸ் டூ படிக்கிறார்கள்.