முதலில் தும்மியது யார்?

2020 ஏப்ரலில் எங்கள் குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவில் ஒரு செய்தி வந்தது. நாய், பூனை வளர்ப்பவர்கள் உடனே அவற்றை அப்புறப்படுத்த வேண்டுமாம். கொரோனா அவற்றின் ரோமத்தில் ஒட்டிக்கொண்டு வீட்டுக்குள் வருமாம். கீழே வரிசையாகக் கைகூப்பும் பொம்மைகள். மறுவாரம் பின்தெருக் குப்பைத்தொட்டி அருகே, கழுத்துப்பட்டையோடு ஒரு லாப்ரடார் நின்றது. தெருநாய்கள் குரைத்ததும் நிறுத்தியிருந்த கார் ஒன்றின் அடியில் புகுந்துகொண்டது. பிஸ்கட்டை மண்ணில் போட்டால் முகர்ந்துவிட்டு நம் முகத்தைப் பார்த்தது. தட்டில் வைத்த பிறகுதான் தின்றது.

அந்தச் செய்தியை அனுப்பியவர் நல்ல மனிதர். ஆனால் அடுத்த தொற்றுக்காலத்திலும் அவர் அதையேதான் அனுப்புவார். அதனால் இப்போதே பதில் சொல்லிவைக்கிறேன்.

ஹாங்காங்கில் நாய்க்கே கொரோனா வந்ததே என்பார்கள். வந்தது உண்மைதான். 2020 பிப்ரவரி இறுதியில் 17 வயதுப் பொமரேனியன் ஒன்றுக்கு மிகக் குறைந்த அளவில் தொற்று தெரிந்தது. அதை வளர்த்த பெண்மணிக்கு ஏற்கெனவே தொற்று இருந்தது. அடுத்த மாதம் ஒரு ஜெர்மன் ஷெப்பர்ட். அங்கும் உரிமையாளருக்குத்தான் முதலில். அதே வீட்டிலிருந்த இன்னொரு நாய்க்குத் தொற்றவே இல்லை. நியூயார்க் பிராங்க்ஸ் விலங்குக் காட்சிச்சாலையில் நாடியா என்ற புலிக்கு வந்தது ஊழியரிடமிருந்து என்றார்கள். 2021 ஜூனில் வண்டலூரில் நீலா என்ற பெண்சிங்கம் இறந்தபோது நாமெல்லாம் படித்தோமே, அது என்ன கோயம்பேடு சந்தைக்கா போய்வந்தது?

எதிர்த்தரப்பிடம் உண்மையான சான்றே இல்லை என்று நான் சொல்லவில்லை. 2021 ஆகஸ்டில் தாய்லாந்தில், தொற்று இருந்தவர்கள் வளர்த்த பூனையின் மூக்கில் மாதிரி எடுத்தபோது அது மருத்துவரின் முகத்திலேயே தும்மிவிட்டது. அவர் முகக்கவசமும் கையுறையும் அணிந்திருந்தார், கண்ணுக்குத்தான் காப்பில்லை. சில நாளில் அவருக்கும் காய்ச்சல். பூனையிடமிருந்து மனிதருக்கு என்று தெளிவாகப் பதிவான முதல் நிகழ்வு அது. கோடிக்கணக்கானவர்களைப் பிடித்த ஒரு நோயில், ஒன்றரை ஆண்டுக்குப் பிறகு, முகத்துக்கு நேரே ஒரு தும்மல்! விலங்கிடமிருந்து மனிதருக்குத் தொற்றிய டென்மார்க்கின் மிங்க் பண்ணைகளும் ஹாங்காங்கின் வெள்ளெலிக் கடையும் உண்டுதான். ஆனால் அவை நெருக்கி அடைத்து வைத்த விலங்குகளின் கதை. நம் வீட்டு ஜன்னலோரம் வெயில் காயும் பூனைக்கு அது பொருந்தாது.

நாய்க்குக் கொரோனா தடுப்பூசி முன்பே இருந்ததே, அப்போது நோய் நாயிடமிருந்து வந்ததுதானே என்றும் ஒரு வாதம். அந்த ஊசி குட்டிகளின் குடலைப் பிடிக்கும் வேறொரு கொரோனா வைரஸுக்கானது. பெயர்தான் ஒன்று.

ரோமத்துக்கு வருகிறேன். செல்லப்பிராணியின் தோலிலோ ரோமத்திலோ இருந்து இந்த வைரஸ் மனிதருக்குப் பரவியதற்குச் சான்று இல்லை. இருந்தும் அந்தப் பயத்தில் செய்த காரியங்கள்தாம் அவற்றை வதைத்தன. வாக்கிங் முடிந்து வந்த நாயின் பாதத்தில் சானிடைசர் தெளித்தார்கள். நாய் பாதத்தை நக்கும், ஆல்கஹால் வயிற்றுக்குள் போகும். நாளைக்கு மூன்று முறை ஃபினாயில் போட்டுத் துடைத்த தரையில் பூனை நடந்தது. பூனை தன் காலை நக்கித்தான் சுத்தம் செய்யும். பீனால் வகைப் பொருள்களை முறித்து வெளியேற்றும் திறன் அதன் கல்லீரலுக்கு மிகக் குறைவு. வீட்டுக்கு வீடு அட்டை அட்டையாக இருந்த டோலோ 650-ம் அப்படித்தான். நமக்குக் காய்ச்சல் தணிக்கும் பாராசிட்டமால் பூனைக்கு நஞ்சு. ஒரே மாத்திரை உயிரைக் கொண்டுபோகும். நாய்க்கு முகக்கவசம் மாட்டிப் படம் போட்டவர்களுக்கு ஒரு வார்த்தை: அது வாயைத் திறந்து இரைத்துத்தான் உடல்சூட்டைத் தணிக்கிறது, சென்னை மே மாதத்தில் அந்த வாயைக் கட்டாதீர்கள்.

"தெருவில் விட்டால் எப்படியும் பிழைத்துக்கொள்ளும்" என்ற பேச்சுக்குத்தான் எனக்குக் கோபம் வருகிறது. ஊரடங்கில் டீக்கடை இல்லை, கறிக்கடை இல்லை, கையேந்திபவன் இல்லை. தெருவிலேயே பிறந்த நாய்களே வயிறு ஒட்டித் திரிந்தன. சோபாவில் வளர்ந்தது என்ன செய்யும்? பட்டினி கிடக்கும்படி விலங்கைக் கைவிடுவது 1960-ஆம் ஆண்டின் வதைத்தடுப்புச் சட்டப்படி குற்றம். முதல் முறைக்கு அபராதம் 10 முதல் 50 ரூபாய். ஒரு டீ, வடை காசு. அதைவிட முக்கியமானது, நாயிடமிருந்து நமக்கு உண்மையிலேயே வரக்கூடிய வெறிநோய். வீட்டில் இருக்கும்வரை அதற்கு ஆண்டுதோறும் ஊசி போட ஆளிருக்கும், விரட்டிவிட்ட பிறகு யார் போடுவார்கள்? கொரோனாவுக்குப் பயந்து வெறிநோய்க்கு வாசலைத் திறப்பது எந்தக் கணக்கில் சேரும்?

நமக்குத் தொற்று வந்தால் பிராணியிடமிருந்து நாம்தான் விலக வேண்டும். கொஞ்சல் வேண்டாம், ஒரே கட்டிலில் படுக்க வேண்டாம். சோறு வைப்பதை வீட்டில் நலமாக இருப்பவர் பார்க்கட்டும். தனியாக இருப்பவருக்கு இது சிக்கல்தான். 2021 மே மாதம் நான் மருத்துவமனைக்குப் போனபோது, என் பூனையைப் பார்த்துக்கொள்ளப் பக்கத்து வீட்டு அக்காவிடம் சாவியைக் கொடுத்து, ஃபிரிட்ஜ் கதவில் ஒரு தாளை ஒட்டிவிட்டுப் போனேன். மீனை உப்பில்லாமல் வேகவைக்கணும், மணல்தட்டைக் காலையில் மாத்தணும், ராத்திரி பால்கனிக் கதவைச் சாத்தணும், டாக்டர் நம்பர் இது. முகக்கவசத்தோடு வந்து பத்து நாள் பார்த்துக்கொண்டார். அந்தத் தாள் இன்னும் அங்கேயே இருக்கிறது. அடியில் பென்சிலில் அக்காவின் கையெழுத்து: "ரெண்டு நாளா ஒன்னும் திங்கல. உங்க போர்வைய எடுத்துப் போட்டேன், அதுமேல உக்காந்து தின்னுது."